மொத்தமாக வெட்டுவதைவிடப் பொறுக்கி வெட்டுவது காட்டுக்கு நல்லதா?

எப்போதும் அப்படிச் சொல்ல முடியாது. எந்த மரத்தைப் பொறுக்குகிறார்கள், அதை எந்த வழியாக வெளியே இழுக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மொத்தமாக வெட்டிய நிலத்தில் மட்கு வேகமாகச் சிதைந்து, நைட்ரேட் கரைந்து ஓடையில் சேரும். சரிவான இடமென்றால், பழைய வேர்கள் மக்கிப் புது வேர் இன்னும் பிடிக்காத அந்தச் சில ஆண்டுகளில்தான் மண்சரிவு பயம் அதிகம். ஆனாலும் பெரும்பாலான பைன் வகைகளும் தைலமரமும் நிழலில் தேறாது. அவற்றுக்கு இந்த முறையோ, விதைக்காக ஆங்காங்கே தாய்மரங்களை விட்டு வெட்டும் முறையோதான் சரிப்படும். வேர் ஆழமாகப் போகாத இனத்தில் மட்டும் தாய்மரம் விட வேண்டாம், தனித்து நிற்பது காற்றில் சாய்ந்துவிடும்.

பொறுக்கி வெட்டுவதில் பெரிய கேடு, நேராகப் பருத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு கோணலையும் பொந்தையும் விட்டுவிடுவது. இரண்டு மூன்று சுற்று இப்படிப் போனால் விதை போட அந்தக் கோணல்கள்தான் மிஞ்சும். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சையாகவே இருக்கும் என்பதால் யாரும் கேட்பதும் இல்லை. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

அடுத்தது இழுவைத் தடம், அதாவது வெட்டிய தடியை வண்டியால் இழுத்துப்போகும் வழி. ஈர மண்ணில் வண்டி போகும் முதல் சில நடைகளிலேயே மண் பெரும்பாலும் இறுகிவிடும். அதனால் காடெங்கும் அலையவிடுவதைவிட, முன்பே வரைபடத்தில் குறித்த ஒரே தடத்தில் ஐம்பது நடை போவது மேல். இறுகிய மண்ணில் நீர் இறங்காது, பல பத்தாண்டுகள் ஆனாலும் கன்று சரியாக வேர்விடாது. தடத்தில் கிளைகளைப் பரப்பி அதன்மேல் வண்டியை ஓட்ட வேண்டும். மழை பெய்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். முடித்துப் போகும்போது சரிவில் குறுக்கு வரப்பு போடாவிட்டால் அடுத்த மழையில் தடமே ஓடையாகிவிடும்.

வெப்பமண்டலக் காட்டில் கொடிகளை மறக்கவே கூடாது. ஒரு மரத்தின் தலையை நாலைந்து மரங்களோடு அவை கட்டி வைத்திருக்கும், ஒன்று விழுந்தால் எல்லாம் சேர்ந்து வரும். வெட்டுவதற்கு 6 முதல் 12 மாதம் முன்பே கொடியை அடியில் அறுத்துவிட்டால் அது காய்ந்து இற்றுப்போகும்.

மரம் விழும் திசையைத் தீர்மானிப்பது முன்வாய், அதாவது விழ வேண்டிய பக்கத்தில் அடிமரத்தில் முதலில் வெட்டும் ஆப்பு வடிவ வாய். அடிமரத்தின் குறுக்களவில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை அதன் ஆழம் இருக்கட்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்கும் பின்வெட்டை அதற்குச் சற்று மேலே கொடுத்து, நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குக் கீல்போல மரத்தை விட வேண்டும். அதையும் அறுத்துவிட்டால் மரம் பிடிமானம் இழந்து திரும்பி, எங்கு வேண்டுமானாலும் விழும். முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த மரத்தில் வாய் ஆழமில்லாமல் பின்வெட்டும் மெதுவாகப் போனால், அடிமரம் நெடுக்காகப் பிளந்து பின்னால் எகிறும். அறுப்பவரின் உயிரையே வாங்கும் தவறு இது.

தடத்தை நோக்கி 30 முதல் 45 பாகை சாய்வாக வீழ்த்துங்கள். தடியைத் திருப்பாமலே இழுக்கலாம். திருப்பும்போதுதான் நிற்கும் மரங்களின் பட்டை உரிகிறது, அந்தக் காயத்தில் பூஞ்சை இறங்கி, அடுத்த சுற்றுக்கென்று விட்டு வைத்த மரம் உள்ளுக்குள் உளுத்துப்போகிறது.