ஆசனவாய்ப் புற்றுநோய்: எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து: அப்பாவுக்கு ஆசனவாயில கட்டி. சதை டெஸ்ட்ல கேன்சர்னு வந்துடுச்சு. எம்.ஆர்.ஐ., சி.டி. ரெண்டும் எழுதியிருக்காங்க மேடம், ஒண்ணு போதாதா?

போதாது. கட்டி எவ்வளவு பெருசு, பக்கத்து உறுப்புக்குள்ள புகுந்திருக்கா என்று இடுப்பு எம்.ஆர்.ஐ. சொல்லும். நுரையீரல், கல்லீரலுக்குப் போயிருக்கா என்பதற்கு சி.டி. அதற்கு மருந்து ஏற்றுவார்கள், கிரியாட்டினின் (சிறுநீரக ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்க.

திருவொற்றியூர்: எம்.ஆர்.ஐ.க்கு முன்னாடி என்ன கவனிக்கணும்?

முதலில் அரைஞாண் கொடி. வெள்ளிதானே என்று விட்டுவிடுவார்கள். படம் எடுக்கும் இடமே இடுப்பு, அது கிடந்தால் படம் கெடும். தாயத்தும் வேண்டாம். வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவராக இருந்து, எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் தெறித்திருந்தால் டெக்னீஷியனிடம் கட்டாயம் சொல்லுங்க. கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் மெஷினுக்குள் அனுப்புவார்கள்.

அடுத்தது சீட்டு. 'இடுப்பு எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் இருந்தால் தடித்த ஸ்லைஸில் (படத்தின் ஒவ்வொரு அடுக்கும் தடிமனாக) எடுத்துத் தந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆசனவாய்ப் புற்றுநோய் என்றே எழுதி வாங்குங்க. சுமார் 3 மி.மீ. ஸ்லைஸ், ஆசனக் குழாயின் சாய்வுக்கு ஏற்ற கோணம், இரண்டு பக்கத் தொடை இடுக்கும் படத்துக்குள். கடைசியாகச் சொன்னது விடுபட்டால் திரும்ப எடுக்க வேண்டி வரும்.

காசிமேடு: டி2 என்1ஏ எம்0ன்னு போட்டிருக்கு. ரெண்டாவது ஸ்டேஜா?

ஆமாம், ஆனால் டி2 என்று இருப்பதால் அல்ல. டி எண் வேறு, ஸ்டேஜ் வேறு. டி2 என்றால் கட்டி 2 செ.மீ.க்கு மேல், 5 வரை. அதைத் தாண்டினால் டி3. பிறப்புறுப்பு, மூத்திரப்பை, மூத்திரக்குழாய் மாதிரி பக்கத்து உறுப்புக்குள் புகுந்தால்தான் டி4. சுருக்குத் தசையில் மட்டும் இருந்தால் டி4 ஆகாது. என்1ஏ என்பது தொடை இடுக்கு, மலக்குடலைச் சுற்றிய கொழுப்பு, உள் இடுப்பு ஆகிய இடங்களின் நெறியில் (நிணநீர் முடிச்சில்) கேன்சர் இருப்பது. எம்0 என்றால் தூரப் பரவல் இல்லை. எல்லாம் சேர்த்தால் 2023 முதல் உள்ள புதுக் கணக்கில் உங்களுடையது இரண்டு-பி, பழைய கணக்கில் மூன்று-ஏ. பயந்துடாதீங்க: தொடை நெறி தூரப் பரவல் கணக்கில் வராது. கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்துக் குணமாக்கப் பார்க்கிற கட்டம்தான்.

வியாசர்பாடி: பெட் சி.டி.ல தொடை இடுக்கு நெறி எரியுதாம். பரவிடுச்சா?

இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பெட் சி.டி. என்பது சர்க்கரை மாதிரி மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன், அதை அதிகம் இழுக்கும் இடம் பளிச்சென்று தெரிவதைத்தான் 'எரியுது' என்கிறார்கள். காலில் சேற்றுப்புண், வெட்டுக்காயம், யானைக்கால் எது இருந்தாலும் அந்த நெறி வீங்கும், பெட்டில் எரியவும் செய்யும். சின்ன நெறியிலும் கேன்சர் இருக்கலாம், ஆகவே அளவை மட்டும் நம்ப முடியாது. உருண்டையாக, ஓரம் ஒழுங்கில்லாமல், நடுவில் இருக்க வேண்டிய கொழுப்பு இல்லாமல் போயிருந்தால் சந்தேகம் கூடும். அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி குத்தி டெஸ்ட் எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். அந்த இடத்துக்கு ரேடியேஷன் அளவு எவ்வளவு என்பது இதை வைத்துத்தான், அதனால் என்னைக் கேட்டால் ஊசி டெஸ்ட்டைத் தவிர்க்காதீங்க.

கொருக்குப்பேட்டை: அம்மாவுக்கு சுகர். பெட் எடுக்கலாமா?

எடுக்கலாம். 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சுகர் 200க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை பெட் படத்தில் குடலை எரிய வைக்கும். 2 நாள் முன்பே நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்க, தானாக நிறுத்த வேண்டாம். முதல் நாள் துணி துவைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது கூடாது, தசையெல்லாம் எரியும்.

தண்டையார்பேட்டை: ரேடியேஷன் முடிஞ்சு 2 மாசம், இன்னும் கொஞ்சம் கட்டி தெரியுதாம். ஆபரேஷனா?

கட்டி வளரவில்லை என்றால் பொறுங்க. இந்தக் கட்டி மெதுவாகக் கரையும். சிகிச்சை தொடங்கி 11 வாரத்தில் மிச்சமிருந்தது 26 வாரத்தில் முழுசாகப் போனவர்கள் நிறைய. நடுவில் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைத் தவறவிடாதீங்க. அளவு கூடினாலோ புது நெறி வந்தாலோ உடனே சதை டெஸ்ட். பழைய எம்.ஆர்.ஐ. சி.டி.யை ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுப் போங்க, பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் 'குறைஞ்சிருக்கு' என்று யாராலும் சொல்ல முடியாது.