ஐஸ் உருகிய தண்ணீர்: மீன் வியாபாரிகளின் கேள்விகள்

வாழைச்சேனையில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக விற்கிறேன். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் ஐஸ் உருகித் தேங்கும் தண்ணீரும் குளிர்தானே? அதை ஏன் திறந்துவிட வேண்டும்?

உருகினால்தான் ஐஸ் வேலை செய்யும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோகலோரி சூட்டை இழுத்துக்கொள்கிறது. மீன்மேல் வழியும் அந்தத் தண்ணீர் இரத்தத்தையும் சளியையும் கழுவிக்கொண்டு இறங்கும். அடியில் தேங்கினால் கீழே கிடக்கும் மீன் அந்த அழுக்கிலேயே ஊறும். செவுள் வெளுத்து, வயிறு இளகிப்போகும். பெட்டியின் அடி மூலையில் துளை போட்டுச் சிறு குழாய் செருகுங்கள். தண்ணீரை வீதியில் விடாமல் ஒரு கானில் (கேனில்) பிடியுங்கள்.

அடியில் நாலு விரல் உயரம் ஐஸ், பிறகு மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மேலேயும் ஐஸால் மூடுங்கள். குடல் எடுத்த மீனை வயிறு கீழே பார்க்க வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே தங்கும். 30 பாகைச் சூட்டில் உள்ள 10 கிலோ மீனைக் குளிரவைக்க சுமார் 3 கிலோ ஐஸ் போதும். ஆனால் நம் வெயிலில் மூடியைத் திறந்து திறந்து விற்கும்போது பெட்டிக்குள் சூடு புகுந்துகொண்டே இருக்கும். ஆகவே கிலோவுக்குக் கிலோ போடுங்கள், மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஐஸோடு உப்புப் போட்டால் கூடநேரம் நிற்குமா? (கல்முனை)

நிற்காது, இன்னும் விரைவாக உருகும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே போய் மீனின் மேற்பகுதி உறைந்து, பிறகு சதை தளரும். கீரி, சாளை போன்ற சிறுமீனுக்குக் கடல் நீரும் ஐஸும் கலந்த குளிர்நீர் நல்லது, மீன் நசியாது. இரண்டு பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு தண்ணீர். துறைமுகத்துக்குள் அள்ளாமல் வெளிக்கடலில் அள்ளுங்கள். ஐஸ் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் சிவந்தால் மாற்றிவிடுங்கள்.

சூரை மணக்கவில்லை, ஆனால் சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து கடித்தது. ஏன்? (ஒலுவில்)

பெரும்பாலும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள். பிடித்த சூரை வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை உண்டாக்கும். உண்டான பின் ஐஸும் போக்காது, கொதிக்கும் குழம்பும் போக்காது. பிடித்தவுடனே ஐஸுக்குள் புதையுங்கள், 4 பாகைக்கு மேலே விடாதீர்கள். மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மீன் ஐஸைச் சர்பத்துக்குப் போடலாமா? (பொத்துவில்)

வேண்டவே வேண்டாம். உறைவதால் கிருமி சாகாது. உருகியதும் குடிப்பவர் வயிற்றுக்குள் போகும். குடிதண்ணீரில் செய்த ஐஸ் மட்டும் வாங்குங்கள், அதை மீன் கானில் கொண்டுவராதீர்கள்.