அம்மாவின் பெயரில் ஒரு கணக்கு

கேள்வி: அம்மாவுக்கு வயது 66. வேலைக்குப் போனதே இல்லை. அப்பா தவறிய பிறகு நானும் தம்பியும் மாதம் ஆளுக்கு 200 வெள்ளி கொடுக்கிறோம். வாங்கவே கூச்சப்படுகிறார். அவருக்கென்று ஒரு வருமானம் வர வழி உண்டா?
– வாசகி, யீஷூன்

பதில்: உண்டு. மத்திய சேமநிதி (மசேநி) என்பது சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்காகச் சேரும் சிங்கப்பூரின் சேமிப்புத் திட்டம். ஒருநாளும் சம்பளம் வாங்காதவருக்கும் மசேநி ஓய்வுக்காலக் கணக்கில் பிள்ளைகள் பணம் போடலாம். குடும்பத்துக்காகவே உழைத்த அந்தத் தலைமுறைப் பெண்களுக்குக் கணக்கில் ஒன்றும் சேரவில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டத்தான், போடும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் இன்னொரு வெள்ளி சேர்த்துத் தருகிறது. ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை, ஆயுள் முழுவதற்குமாக 20,000 வெள்ளி வரை. 2025 முதல் 70 வயது வரம்பும் நீங்கிவிட்டது.

அம்மா சிங்கப்பூர்க் குடிமகளாக இருக்க வேண்டும். கணக்கிலுள்ள தொகை, மசேநி வகுத்துள்ள அடிப்படை ஓய்வுக்காலத் தொகையைவிடக் குறைவாகவும், மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மேல் சொந்தமாக இருக்கக் கூடாது. குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் வரக்கூடிய தொகையின் மதிப்பீடு) வரம்பு உண்டு. விண்ணப்பம் எதுவும் வேண்டாம், தகுதியை ஒவ்வோர் ஆண்டும் மசேநி கழகமே பார்க்கும். அம்மாவின் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக மசேநி இணையத்தளத்தில் நுழைந்து அதை உறுதிசெய்துகொண்டு பணம் போடுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். 2,000 வெள்ளி என்பது அம்மாவுக்கான வரம்பு, பிள்ளைக்கு இவ்வளவு என்றில்லை. நீங்கள் 2,000, தம்பி 2,000 போட்டாலும் மானியம் 2,000தான். ஆளுக்கு 1,000 போதும். மாதக் கணக்கில் ஆளுக்குச் சுமார் 84 வெள்ளி. டிசம்பர் 31க்குள் பணம் கணக்கில் விழ வேண்டும். மானியம் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தானாகவே வரும். மானியம் கிடைக்கும் தொகைக்கு 2025 முதல் வரிச் சலுகை இல்லை.

வட்டி குறைந்தது 4 விழுக்காடு. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல் 30,000 வெள்ளிக்கு இன்னும் 2 விழுக்காடு. சாதாரண வங்கிச் சேமிப்புக் கணக்கில் இது கிடைக்காது. ஆனால் போட்ட பணத்தை அவசரத்துக்கு மொத்தமாக எடுக்க முடியாது, மாதத் தொகையாக மட்டுமே வரும். ஆகவே மருத்துவச் செலவுக்கான பணத்தைத் தனியே வைத்துவிட்டுப் போடுங்கள். அம்மா 65 வயதைத் தாண்டியவர் என்பதால் மாதத் தொகையைத் தொடங்கும்படி இப்போதே கேட்கலாம். கேட்காவிட்டால் 70 வயதில்தான் தானாகத் தொடங்கும். அவசரமில்லையென்றால் சில ஆண்டுகள் சேரவிடுவதே நல்லது என்பேன்.

மாதாமாதம் கையில் கொடுக்கும் செலவுக் காசை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தேக்கா சந்தைக்குப் போக அதுதான் உதவும்.

கேள்வி: அப்பா 1963 அக்டோபரில் பிறந்தவர். 63 வயதானதும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: வயதைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. 1963 ஜூலை 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு ஓய்வு வயது 64. அதன் பிறகும் வேலை திருப்தியாக இருந்து, உடல்நலம் இடம்கொடுத்து, அந்த முதலாளியிடம் குறைந்தது 2 ஆண்டுகள் வேலை பார்த்திருந்தால் 69 வயது வரை மறுவேலைக்கு அழைக்க வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது ஓராண்டுக்கு இருக்க வேண்டும். வேலையும் சம்பளமும் மாறலாம் என்பதால், கையெழுத்திடுமுன் வேலை நேரத்தையும் மருத்துவச் சலுகையையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: உயில் எழுதியிருக்கிறேன். மசேநி பணமும் அதில் அடங்குமா?
– வாசகர், செங்காங்

பதில்: அடங்காது. மசேநிக்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும், அதாவது உங்களுக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று பதிவுசெய்ய வேண்டும். திருமணம் செய்துகொண்டால் பழைய நியமனம் செல்லாது. மறுமணம் செய்துகொண்டவர்கள் புதிதாகச் செய்ய வேண்டும். 2 சாட்சிகள் தேவை, இருவருக்கும் 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது.