முட்டி ஆபரேஷன் ஆகி ஏழு வாரம், இன்னும் கால் மடங்கல!

கேள்வி: எனக்கு 64 வயசு. வலது கால்ல மூட்டு மாத்துற ஆபரேஷன் ஆகி ஏழு வாரம் ஆச்சு. வீக்கம் வத்தல, ராத்திரி வலியில தூக்கமில்ல. பிசியோ தம்பி வந்து காலை அமுக்குனா உயிர் போகுது, அதனால பத்து நாளா வர வேணாம்னு சொல்லிட்டேன். கடைசியா அளந்தப்போ 75 டிகிரிதான் மடங்குதுன்னார். முட்டிக்கு அடியில தலகாணி வச்சாதான் கொஞ்சம் நிம்மதி. எனக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பக்கத்துத் தெரு அம்மா கோயிலுக்கே போயிட்டு வர்றாங்க. "நீ ஒத்துழைக்கவே மாட்டேங்கிற"ன்னு மகன் திட்டுறான். ஏன்தான் பண்ணிக்கிட்டோமோன்னு அழுகையா வருது. இடது காலுக்கும் பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, மொதல்ல அந்தப் பக்கத்துத் தெரு அம்மாவ விட்டுடுங்க. அவங்க முட்டி முன்னாடி எவ்ளோ மடங்கிச்சு, தொடையில எவ்ளோ தெம்பு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், வருஷக்கணக்கா விறைச்சுப் போன முட்டி ஆபரேஷனுக்கு அப்புறமும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ஏழாவது வாரத்துல வீக்கம், தொட்டா சூடு, ராத்திரி வலி எல்லாம் சகஜம். வீக்கம் மூணு மாசம், ஆறு மாசம்னு கூட இழுக்கும், முழுசா தேற ஒரு வருஷம்னு வச்சுக்கோங்க. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப் போயிருந்தாலும் பயப்படாதீங்க, கீறும்போது தோலுக்குப் போற சின்ன நரம்பு அறுபடுறதால அது. நடக்கும்போது டக் டக்னு கேட்டா உள்ள இருக்குற உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுற சத்தம். இதெல்லாம் டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லி அனுப்ப வேண்டியது, நிறைய எடத்துல பில்லு மட்டும்தான் விலாவாரியா இருக்கு.

ஆனா அந்த 75 டிகிரி விஷயத்துல நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். மட்டமான தரையில நடக்க 70 கிட்ட போதும், மாடிப்படி ஏறி இறங்க 90 ஆவது வேணும், தாழ்வான நாற்காலியில இருந்து எழுந்திரிக்க 100ஐத் தாண்டணும். உள்ள தழும்பு இறுகிப் போறதுக்கு முன்னாடி மடக்கிடணும், அதனால இந்த வாரமே சர்ஜனைப் போய்ப் பாருங்க. தேவைப்பட்டா மயக்கம் குடுத்து, கத்தி வைக்காம, காலை மடக்கி விடுவாங்க. அதுக்கு முதல் மூணு மாசம்தான் நல்ல நேரம், அப்புறம் போனா பலன் குறையும்.

அப்புறம் அந்தத் தலகாணி. இன்னிக்கே எடுத்துடுங்க. முட்டி லேசா மடங்கி இருந்தா சுகமாத்தான் இருக்கும், ஆனா அப்படியே வளைஞ்சு நின்னுடும், அப்புறம் கால் முழுசா நீளாம நொண்டி நொண்டி நடக்கணும், தொடையும் சீக்கிரம் சோர்ந்துடும். மடக்குறதப் பத்தியே எல்லாரும் பேசுறாங்க, நீட்டுறதும் அதே அளவு முக்கியம்னு ஒருத்தரும் சொல்றதில்ல. துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில மட்டும் வைங்க, முட்டிக்கு அடியில ஒண்ணும் இருக்கக் கூடாது, பத்து நிமிஷம் அப்படியே கிடக்கட்டும்.

பிசியோ தம்பியத் திரும்பக் கூப்பிடுங்க. டாக்டர் எழுதிக் குடுத்த வலி மாத்திரைய அவர் வர்றதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி, சாப்பிட்டுட்டுப் போடுங்க. நிறைய பேரு வலி உச்சத்துக்குப் போனப்புறம்தான் மாத்திரையத் தேடுறாங்க, அது வேலை செய்யுறதுக்குள்ள தம்பி கெளம்பிப் போயிடுவாரு. "அமுக்காதீங்க தம்பி, நானே மடக்குறேன், நீங்க பக்கத்துல இருங்க"ன்னும் சொல்லலாம், தப்பில்ல. கட்டில்ல ஒரு பாலித்தீன் கவரை விரிச்சு அது மேல குதிகாலை வச்சு மெதுவா உங்க பக்கம் இழுங்க, கவர் வழுக்குறதால கால் தானா வரும், இழுத்த எடத்துல பத்து எண்ணுங்க. ஒரே மூச்சுல அரை மணி நேரம் போராடாம, நாளுக்கு நாலஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமா. முடிச்சதும் ஐஸ்கட்டியத் துண்டுல சுத்தி 15 நிமிஷம் வைங்க. ஒரு மணி நேரத்துல வலி அடங்கினா சரி, மறுநாள் காலையில முட்டி புதுசா வீங்கியிருந்தா அளவு மீறிட்டீங்கன்னு அர்த்தம்.

கெண்டைச்சதை திடீர்னு வீங்கி வலிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல்ல நீர் கசிஞ்சாலோ உடனே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம 108.

மகன் கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க: தம்பி, ஆபரேஷன் ஆன முதல் மாசத்துல தொடைச் சதையோட பலம் பாதிக்குப் பாதி போயிடும், அம்மா பிடிவாதம் பிடிக்கல, கால் தூக்கவே வரல. திட்டுற நேரத்துக்கு அவங்க உக்கார்ற நாற்காலிய கை வச்ச, உயரமான நாற்காலியா மாத்துங்க, பாத்ரூம்ல வெஸ்டர்ன் இல்லன்னா கமோட் சேர் வாங்கிப் போடுங்க, மாத்திரை நேரத்த போன்ல அலாரம் வைங்க.

ராத்திரித் தூக்கம் கெட்டா யாருக்கும் அழுகை வரும்மா, நீங்க தப்பு பண்ணல. ஆனா தினமும் அழுகை, சாப்பாடே இறங்கலன்னா அதையும் டாக்டர் கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. இடது கால் பத்தி இப்ப ஒண்ணும் முடிவு பண்ண வேணாம். வலது கால் நல்லா நீண்டு, கம்பு இல்லாம தைரியமா நடக்குற வரைக்கும் தேதியே குறிக்காதீங்க, அது அவசர ஆபரேஷன் இல்ல, டாக்டர் கேட்டா இதையே சொல்லுங்க.