இரண்டு கார்டுகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஷார்லட்டில் பதினொரு வருடமாக இருக்கிறேன். 2023-ல் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி கரோலினா பாந்தர்ஸ், புது வீரர் தேர்வில் பந்து எறியும் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை எடுத்தபோது என் மகன் 9-ஆம் எண் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். 2024 செப்டம்பரில் சார்ஜர்ஸிடம் 26-3 என்று தோற்ற ஆட்டத்துக்கு இருவரும் போயிருந்தோம். அரங்கமே யங்கைப் பார்த்துக் கூச்சலிட்டபோது நானும் கத்திவிட்டேன். பையன் வீடு வரும்வரை பேசவில்லை. மறுநாள் யங்கை உட்காரவைத்துவிட்டார்கள். உயரம் போதாது, அதே தேர்வில் இருந்த இன்னொரு குவாட்டர்பேக் ஸ்ட்ரவுடை எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் அலுவலகத்தில். ஓர் இளம் குவாட்டர்பேக்குக்காக ரசிகன் எத்தனை வருடம் பொறுப்பது?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

முதலில் பையனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவனுக்கு உங்களைவிட ஆட்டம் புரிந்திருக்கிறது.

டிக்கெட் வாங்கியவர் கத்தலாம். ஆனால் நீங்கள் கத்தியது ஒரு விலைச்சீட்டைப் பார்த்து. யங்குக்காக சிகாகோ பேர்ஸுக்கு புது வீரர் தேர்வில் 2023-இன் 9, 61-ஆம் இடங்கள், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று வாய்ப்புகள், எல்லாவற்றுக்கும் மேல் அணியின் சிறந்த ரிசீவர் டி.ஜே. மூர், இத்தனையும் போயின. பேரம் பேசியது நிர்வாகம், வசவு வாங்கியது 23 வயதுப் பையன். பந்து எறிய ஒருவரை வாங்குவதற்காக, பந்தைப் பிடிப்பவரை விற்ற கணக்கு இது!

உயரம்: 5 அடி 10 அங்குலம். குறைவுதான், அது எடுக்கும் முன்பே தெரிந்த விஷயம். ஸ்ட்ரவுட் வேறு ஊரில், வேறு தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஆடினார். யங்கின் முதல் வருடத்தில் ஒவ்வொரு முறையும் என்ன ஆட்டம் ஆடுவது என்று சொல்லும் பொறுப்பு தலைமைப் பயிற்சியாளர் ரைக்கிடமிருந்து துணைப் பயிற்சியாளர் தாமஸ் பிரவுனுக்குப் போய், ரைக்கிடம் திரும்பி, 11 ஆட்டங்களில் ரைக் நீக்கப்பட்டதும் மறுபடி பிரவுனிடம் போனது. அதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். யாரும் எழுதாதது கார்டுகள் (guard) என்ற தடுப்பு வீரர்களைப் பற்றி. சில வாரங்களாக மண்டையில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐவர் நிற்கிறார்கள். நடுவில் சென்டர், இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டாக்கிள்கள். ஓரத்தில் பாய்ந்து வரும் எதிரணிக்காரனை டாக்கிள் நிறுத்தவே வேண்டாம், வெளிப்பக்கமாகச் சுற்றவிட்டால் போதும். குவாட்டர்பேக் ஓர் அடி முன்னே எடுத்துவைப்பார், வந்தவன் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடிப்போவான். அந்த ஓர் அடிக்கு இடம் வேண்டுமே! அதைக் காத்துக்கொடுப்பது சென்டரும் இரண்டு கார்டுகளும். ஏறத்தாழ இரண்டரை வினாடி அவர்கள் பின்வாங்காமல் நிற்க வேண்டும்.

கார்டு மூன்று கெஜம் தள்ளப்பட்டால் என்ன ஆகும்? முன்னே போக வழியில்லை. பின்னே போனால், டாக்கிள் சுற்றவிட்டவன் நேராக அங்கேதான் வந்து சேருவான். எட்டுப் பத்து கெஜ இழப்போடு சாக், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்படுவது. அதற்குள் எறிந்துவிடலாம் என்றால் முன்கால் ஊன்ற இடமில்லை. பின்காலில் நின்று கை பலத்தால் மட்டும் எறிந்த பந்து உயரப் போகும், பின்னால் காத்திருக்கும் எதிரணித் தடுப்பாளன் சேஃப்டி பிடித்துக்கொள்வான். டிவியில் நீங்கள் பார்ப்பது மோசமான எறிதலை மட்டும்.

உயரம் குறைந்தவருக்கு இன்னொரு தொல்லை. அவர் தலைகளுக்கு மேலாகப் பார்ப்பதில்லை, கார்டுக்கும் சென்டருக்கும் நடுவிலுள்ள சந்தில் பார்க்கிறார். கார்டு பின்னுக்கு வந்தால் சந்து அடைபட்டுவிடும். 6 அடி குவாட்டர்பேக் டிரூ பிரீஸை வைத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸ் 2009 பருவத்தில் பட்டம் வென்றபோது கார்டுகள் யார் தெரியுமா? ஜாரி எவன்ஸ், கார்ல் நிக்ஸ். அப்போதைய தலைசிறந்த கார்டுகளில் இருவர். உங்கள் அலுவலக நிபுணர்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்.

2023-ல் பாந்தர்ஸுக்கு நடந்தது இது: கார்டு பிரேடி கிறிஸ்டென்சன் முதல் ஆட்டத்தோடு காயத்தில் பருவம் முழுக்கப் போனார். இன்னொரு கார்டு ஆஸ்டின் கார்பெட் முழங்கால் காயத்திலிருந்து தாமதமாக வந்து, மறுபடி முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். வருவோர் போவோரெல்லாம் அந்த இடத்தில் நின்றார்கள். யங் 62 முறை சாக் ஆனார். அணிக்கு 2 வெற்றி, 15 தோல்வி. நிர்வாகத்துக்கே உறைத்தது. 2024 மார்ச்சில் ராபர்ட் ஹன்ட்டுக்கு ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர், டேமியன் லூயிஸுக்கு நான்கு வருடத்துக்கு 5.3 கோடி டாலர். இரண்டு பேருமே கார்டுகள்.

அப்படியானால் அந்த செப்டம்பர் ஆட்டத்தில் நல்ல கார்டுகள் இருந்தும் 84 கெஜம்தானே எறிந்தார் என்று மடக்குவீர்கள். நியாயமான கேள்வி. 62 முறை விழுந்தவனின் கால் அதற்குள் மறந்துவிடுமா? சந்து திறந்திருந்தும் கண் தூரத்து ரிசீவரை விட்டுக் காலடிக்கு இறங்கும், பாதம் ஒரு துள்ளல் முன்னதாகவே ஓடத் தயாராகும். சுவரைக் கட்டிவிட்டார்கள், சுவர் இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியவில்லை. ஐந்து ஆட்டம் வெளியே உட்கார்ந்து, அவர் இடத்தில் ஆடிய ஆண்டி டால்டன் காயத்தால் அக்டோபர் கடைசியில் திரும்பியவரைப் பாருங்கள். கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவில் மூன்று டச்டவுன் எறிந்து இரண்டு ஓடி, 44-38 வெற்றி. அந்தப் பருவத்தில் சாக் 29. ஆடிய ஆட்டங்கள் குறைவு என்றாலும் இறக்கம் பெரிது.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். கார்டுகள் சரியாகி ஒரு முழுப் பருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூச்சலிட்டால் அது குறையாது.

பையனோடு 2023, 2024 ஆட்டப் பதிவுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள். சென்டர் பந்தைக் கொடுக்கும் ஸ்னாப்பின்போது கார்டின் குதிகால் எந்தக் கெஜக் கோட்டில் இருக்கிறது, பந்து கையைவிட்டுப் போகும்போது எங்கே இருக்கிறது, இதை மட்டும் பத்து முறை குறித்துவையுங்கள். 2024-ல் இடப்பக்கக் கார்டின் சட்டை எண் 68, வலப்பக்கக் கார்டின் எண் 50. அரங்குக்குப் போனால் மைதானத்தின் முனையிலுள்ள எண்ட் சோனுக்குப் பின்னால் மேல்வரிசையில் சீட்டு வாங்குங்கள், சந்துகள் அங்கிருந்துதான் தெரியும். விலையும் பெரும்பாலும் குறைவு.