கொரோனா காலத்தில் வகுப்பறைக்குப் போக ஆசிரியர்கள் ஏன் பயந்தார்கள்?

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்தபோது பல ஆசிரியர்களுக்கு இந்தப் பயம் இருந்தது. காரணம், காற்றுவழித் தொற்று. அதாவது, நோயுள்ளவர் பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, அதைச் சுவாசிப்பவருக்கு நோயைக் கொடுப்பது.

அடுப்படியில் மிளகாய் வற்றல் கருகினால் என்ன ஆகும்? கருக்கியவர் ஒருவர், இருமுவது கூடத்தில் டிவி பார்ப்பவரும்தான். அடுப்பை அணைத்த பிறகும் நெடி நிற்கும், ஜன்னலைத் திறந்தால்தான் போகும். மூடிய அறையில் கிருமியும் அப்படித்தான். நெடியாவது மூக்கில் ஏறி எச்சரிக்கும், இது அதுவும் செய்யாது.

மாணவர் ஒரே வகுப்பில் இருப்பார். ஆசிரியரோ மணி அடிக்க அடிக்க வகுப்பு மாறுவார். பிள்ளைகள் பலருக்கு நோய் வந்தாலும் அறிகுறி தெரியாது. சரி, யாரிடமிருந்து தள்ளி நிற்பது? அப்புறம், வீட்டில் சர்க்கரை நோயுள்ள வயதான பெற்றோர் இருந்தால் கவலை இரட்டிப்பு.

"பெஞ்சையெல்லாம் கிருமிநாசினி போட்டுத் துடைத்தாயிற்றே?" என்று கேட்பார்கள், ஆனால் இது பெரும்பாலும் தொட்டுப் பரவும் நோயல்ல, ஜன்னல் மூடியிருந்தால் 6 அடி இடைவெளிகூடப் போதாது.