அபராதம் கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்கிறார்களே, கட்டலாமா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். 2020 ஜூன் கடைசியில், சென்னையில் இரண்டாவது முறை முழு ஊரடங்கு போட்டிருந்த நேரம். எங்கள் வீடு தாம்பரத்தில். மாமியாருக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடைகளில் அவர் போடும் வகை இல்லை. அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டில் இருந்த என் மகன் பைக்கில் குரோம்பேட்டைக்குக் கிளம்பினான். வழியில் போலீஸார் நிறுத்தி, வண்டியை எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, நடந்தே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வண்டி வந்தது. அப்புறம் முதலமைச்சரே வழக்கெல்லாம் வாபஸ் என்றார், நாங்களும் மறந்துபோனோம். இப்போது அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தவர், 'பையன் பேரில் கேஸ் இருக்கிறதே' என்கிறார். தெரிந்தவர் ஒருவர், 'கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஆயிரமோ ஐந்நூறோ கட்டினால் அன்றைக்கே முடிந்துவிடும்' என்கிறார். கட்டலாமா? மருந்து வாங்கப் போனது குற்றமா? மாமியார் 'என்னால்தானே' என்று தினமும் புலம்புகிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்

பதில்: கட்டாதீர்கள். குறைந்தபட்சம், கீழே நான் சொல்லும் ஒரு தாள் கைக்கு வரும்வரையாவது கட்டாதீர்கள்.

தெரிந்தவர் சொன்னதில் பாதி உண்மை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் வழக்கு அன்றைக்கே முடியும்தான். ஆனால் எப்படி முடியும்? 'குற்றவாளி' என்ற தீர்ப்போடு முடியும். நம் ஊரில் அபராதம் என்றால் கரன்ட் பில் தாமதத்துக்குக் கட்டும் ஐம்பது ரூபாய் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். மாஜிஸ்திரேட் முன்னால் நின்று 'ஆமாம், செய்தேன்' என்று சொல்லிக் கட்டும் பணம் அப்படிப்பட்டதல்ல. தொகை நூறு ரூபாய் என்றாலும் அது தண்டனைதான். நாளைக்கு விசா விண்ணப்பத்திலோ வேலை விண்ணப்பத்திலோ 'எந்த நீதிமன்றத்திலாவது தண்டிக்கப்பட்டதுண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'ஆம்' என்று எழுத வேண்டியவனாக உங்கள் மகன் ஆகிவிடுவான். 'இல்லை' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்தப் பொய்யால் வரும் தொல்லை ஊரடங்கு வழக்கைவிடப் பெரிது.

சரி, மருந்து வாங்கப் போனது குற்றமா?

அந்தப் பன்னிரண்டு நாட்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜூன் 19 முதல் 30 வரை, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளுக்கு. மளிகை, காய்கறிக்குக் காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை நேரம். அதுவும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், வண்டி எடுக்காமல், நடந்துபோய் வாங்க வேண்டும். நடுவில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. ஆனால் மருந்துக்கடைகள் திறந்திருந்தன, மருத்துவத் தேவைக்கு வெளியே போகத் தடையும் இல்லை. உங்கள் மகனை நிறுத்தியவர் இரண்டு கிலோமீட்டர் கணக்கைப் பார்த்திருப்பார். அது கத்தரிக்காய்க்குப் போட்ட கணக்கு. பக்கத்தில் கிடைக்காத இன்சுலினுக்கும் அதையே போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஒரு நீதிபதியும் அப்படித்தான் பார்ப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்போது தெருவில் ஆணைக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருந்தது. ஒரு சந்திப்பில் கொரோனா உருண்டை மாதிரி ஹெல்மெட் போட்டு நின்று அன்பாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த சந்திப்பில் தோப்புக்கரணம். அதற்கடுத்ததில் லத்தி. என் கட்சிக்காரர் ஒருவரின் வண்டியை மீட்க ஒரு காவல் நிலையத்துக்குப் போனபோது, வாசலில் நூறு பைக்காவது வெயிலில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஒவ்வொரு டேங்கின் மேலும் சாக்பீஸில் ஒரு எண். மழை வந்தால் எந்த வழக்குக்கு எந்த வண்டி என்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதே ஜூன் 19-ஆம் தேதிதான் சாத்தான்குளத்தில், கடையை நேரத்துக்குச் சாத்தவில்லை என்று தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இருவருமே உயிரோடு வீடு திரும்பவில்லை.

நோய் பரவும் காலத்தில் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அதிகாரம் மூன்று இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, 1897-ஆம் வருடத்துக் கொள்ளை நோய்ச் சட்டம், பம்பாயில் பிளேக் வந்தபோது வெள்ளைக்காரன் போட்டது. இரண்டு, 2005-ஆம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நம் கடற்கரையைச் சுனாமி அடித்துப் போனதற்கு மறு வருடம் வந்த சட்டம் இது. கடல் பொங்குவதை மனதில் வைத்து எழுதியதைக் கொண்டுதான் மார்ச் 25 முதல் நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த 144. தமிழ்நாட்டில் மார்ச் 24 மாலை 6 மணிக்கு அமலுக்கு வந்தது. (இப்போது புதிய சட்டத்தில் அதன் எண் 163. மக்கள் வாயில் அது 144-ஆகவே இருக்கும் போல.)

ஆணையை மீறினால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 188. சாதாரண மீறலுக்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். மனித உயிருக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்து என்றால் ஆறு மாதம் அல்லது 1,000 ரூபாய். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். உங்கள் மகன் மீதான எப்.ஐ.ஆரில் 188 கட்டாயம் இருக்கும். கூடவே 269-ம் இருக்கலாம், அதாவது அலட்சியத்தால் நோய் பரப்புவது. அவனுக்கு அப்போது காய்ச்சல்கூட இல்லை என்றால் அந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம், கேட்டிருக்கிறோம்.

இங்கேதான் ஒரு முக்கியமான சங்கதி. 188-க்கு நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டுமானால், ஆணை போட்ட அதிகாரியோ அவருக்கு மேலே உள்ளவரோ மாஜிஸ்திரேட்டிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். காவல் நிலையமே எப்.ஐ.ஆர். போட்டு, தானே குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்ய முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018-லேயே, அதாவது கொரோனாவுக்கு முன்பே, ஜீவானந்தம் என்பவர் தொடுத்த வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் 2020-ல் லட்சக்கணக்கில் எப்.ஐ.ஆர். போட்டார்கள்.

அந்த லட்சக்கணக்கு எவ்வளவு என்று 2021 பிப்ரவரியில் தெரிந்தது. அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கடையநல்லூரில், சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். வன்முறை, காவலர்களை வேலை செய்யவிடாமல் தடுத்தது, மோசடியாக இ-பாஸ் வாங்கியது ஆகியவை மட்டும் விலக்கு. உங்கள் மகன் இந்த விலக்கில் வரமாட்டான்.

ஆனால் மேடையில் அறிவித்தவுடன் ஒவ்வொரு வழக்குக் கட்டும் தானாக மூடிக்கொள்ளாது. விசாரணை நிலையிலேயே நின்ற வழக்கு என்றால், காவல் நிலையம் 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நீதிமன்றத்துக்குப் போய் எண் வாங்கிவிட்ட வழக்கு என்றால், அரசு வழக்கறிஞர் மனு போட்டு, நீதிபதி சம்மதித்து உத்தரவிட வேண்டும். 10 லட்சம் கட்டுகளில் சில இந்த இரண்டும் நடக்காமல் பீரோவில் தூங்கும். உங்களுடையது அப்படித் தூங்கும் ஒன்றாக இருக்கலாம். அல்லது மூடியே ஆகியிருக்கலாம், கம்ப்யூட்டரில் பழைய பதிவு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. விசாரணைக்கு வந்தவரிடமே எப்.ஐ.ஆர். எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் பணிவாகக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கமாட்டார். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் அந்த எண்ணை வைத்து எப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: 2020-ல் உங்கள் பகுதி சென்னை மாநகரக் காவலின் கீழ் இருந்தது, தாம்பரம் ஆணையரகம் 2022-ல்தான் தனியாகப் பிரிந்தது. ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் இன்னொன்றில் தேடுங்கள், 'இல்லை' என்று காட்டினால் உடனே சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். அடுத்து, இ-கோர்ட்ஸ் செயலியில் அதே எப்.ஐ.ஆர். எண்ணையும் வருடத்தையும் போட்டுப் பாருங்கள். நீதிமன்றத்தில் வழக்கு எண் இருந்தால் வரும். கடைசியாக, அந்தக் காவல் நிலையம் எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே ஒரு வக்கீல் மூலம் நகல் மனு போட்டு, எப்.ஐ.ஆர். மீது என்ன நடந்தது என்பதற்குச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நான் முதலில் சொன்ன தாள் இதுதான். செலவு பெரிதாக ஆகாது, பொறுமைதான் ஆகும்.

எப்.ஐ.ஆரோடு நின்றிருந்தால் பாஸ்போர்ட்டுக்கு அது தடையே இல்லை. பாஸ்போர்ட் சட்டம் 6-ஆம் பிரிவு, குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்கிறது. வெறும் எப்.ஐ.ஆரும் விசாரணையும் அதில் சேராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் ஏற்றிருந்தால்தான் சேரும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உங்கள் மகன் படிவத்தில் 'வழக்கு நிலுவையில் இல்லை' என்று குறித்திருந்தாலும் அப்போது அது பொய்யாகாது. பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பயப்படாமல், நகலையும் இணைத்து, நடந்ததை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுக்கட்டும்.

நீதிமன்றத்தில் உண்மையிலேயே வழக்கு நிலுவையில் இருந்தால் கொஞ்சம் வேலை உண்டு. 188, 269 இரண்டுக்கும் நீதிமன்றம் வழக்கை ஏற்கக் காலவரம்பு ஒரு வருடம். கொரோனாவால் உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரையான நாட்களைக் காலவரம்பில் சேர்க்க வேண்டாம் என்றது. அந்தச் சலுகையைக் காவல் துறைக்கே கொடுத்துப் பார்த்தாலும் 2023 பிப்ரவரியோடு கெடு முடிந்தது. அதற்கு அப்புறம் தாக்கல் செய்திருந்தால், வழக்கை ரத்து செய்யக் கேட்க அந்த ஒரு காரணம் போதும். அதற்கு முன் தாக்கல் செய்திருந்தால், யார் புகார் கொடுத்தது என்று பாருங்கள். காவல் நிலையக் குற்றப்பத்திரிகை என்றால் 2018 தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். 188 வழக்குகளை அந்த நீதிமன்றம் இப்படி நிறையவே ரத்து செய்திருக்கிறது. வேலையில் சேரும் தேதி நெருங்கிவிட்டது, ரத்து வரை காத்திருக்க முடியாது என்றால், வழக்கு இருக்கும் நீதிமன்றத்திலேயே வெளிநாடு போக அனுமதி கேட்டு மனு போடலாம். அந்த உத்தரவைக் காட்டினால் குறுகிய காலத்துக்காவது பாஸ்போர்ட் தருவார்கள்.

ஒருவேளை அந்த நாளிலேயே 'கையெழுத்து போடு' என்று வாங்கிய தாள், வழக்கை ஒப்புக்கொண்டதாக இருக்குமோ என்று நீங்கள் பயப்படலாம். பெரும்பாலும் அது வண்டி பறிமுதல் மகஜராகவோ (வண்டியை எடுத்துக்கொண்டதற்கான பதிவு), கூப்பிட்டால் வருகிறேன் என்ற உறுதிமொழியாகவோ இருக்கும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதலை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

வண்டியைத் திரும்ப வாங்கியபோது கொடுத்த ரசீது, அன்றைக்கு வாங்கிய அல்லது வாங்க நினைத்த இன்சுலினுக்கான மருந்துச் சீட்டு, சர்க்கரை டாக்டரின் பழைய நோட்டு இவற்றில் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். மாமியார் மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைக்கும் ரகமாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். புலம்புவதை விட்டுவிட்டு 2020 ஜூன் மாதத்துச் சீட்டைத் தேடச் சொல்லுங்கள்.